குழாயில் வந்த சீரகம்

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரெக்சினின் பின்பக்கத்தில் சாக்பீசால் குறித்த அளவுகளும் வண்டி நம்பர்களும்தான். என் எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். எங்கே எந்த ர வரும், எந்த ல வரும் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். தப்பாகத் தெரிகிற இடத்தை வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

முத்தியால்பேட்டையில் ஸ்கூட்டர், பைக் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அக்காவோடு இருக்கிறேன். அக்காவின் வீட்டுக்காரர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. வீட்டின் முன்னறையில் காலையில் மட்டும் இட்லிக்கடை நடத்துகிறாள். இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி, அவ்வளவுதான். தோசை கேட்டால் "தோசைக்கு நின்னா இட்லி தீஞ்சிடும், போய்ட்டு வா" என்பாள்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் என்ன நிறம், என்ன தையல் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நான் தலையை ஆட்டுவேன். அதனாலேயே இந்தத் தொழில் எனக்குச் சரியாக இருக்கிறது.

என் கடைக்கு மேலே மொட்டைமாடியில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கொஞ்சம் பேர் கூடுவார்கள். ஆரம்பத்தில் ஏதோ சீட்டுக் கம்பெனி என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் ஒரு அம்மா இறங்கி வந்து, வெளிச்சம் கொஞ்சம்கூடப் புகாத மாதிரி கறுப்பு ரெக்சினில் ஒரு கூடாரம் தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். கதிர்காமத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்சாக வேலை பார்க்கிறவர். தைத்துக் கொடுத்தேன். ஒரு பக்கத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை மட்டும் வேண்டும் என்றார். வெளிச்சம் புகக்கூடாது என்று சொல்லிவிட்டு ஓட்டை எதற்கு என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேனே தவிர, கேட்கவில்லை.

மாடியில் அதைக் கட்டி நிறுத்தியதும், "உள்ள வந்து பாருங்கண்ணே" என்றார்.

உள்ளே போனேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும், எதிரே கட்டியிருந்த வெள்ளைத் துணியில் எங்கள் தெரு தலைகீழாகத் தெரிந்தது. ஸ்கூட்டர்கள் மேலே போய்க்கொண்டிருந்தன. வானம் கீழே கிடந்தது. எதிர்க் கடைக்காரர் தலைகீழாக நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தார், டீ கீழேயிருந்து மேலே விழுந்தது. நான் தைத்த துணிக்குள், நான் போட்ட ஓட்டை வழியாக, கண்ணாடி எதுவும் இல்லாமல். வெளிச்சம் நேர்க்கோட்டில்தான் வரும், மேலே இருந்து வருவது ஓட்டையைத் தாண்டிக் கீழே போய்த்தான் விழும் என்று நர்சம்மா விளக்கினார். அது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஊசியில் நூல் போவது மாதிரி.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மேலே போய்க் கடைசியில் உட்கார ஆரம்பித்தேன். அங்கே பாடம் என்று எதுவும் கிடையாது. வருகிறவர்கள் வீட்டிலோ தொழிலிலோ தோன்றிய ஒரு கேள்வியைக் கொண்டுவருவார்கள். தெரிந்தவர் சொல்வார். யாருக்கும் தெரியாவிட்டால் அடுத்த வாரம் செய்து பார்ப்பார்கள். பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் விற்கும் அம்மா ஒருவர் கூடையை மாடிப்படியின் கீழே வைத்துவிட்டு வருவார். ஐஸ் மேல் உப்பைத் தூவினால் ஐஸ் சீக்கிரம் கரைந்துபோகிறது, ஆனால் மீன் முன்னைவிட நன்றாக விறைக்கிறது, இது எப்படி என்பது அவர் கேள்வி. அதற்கே ரெண்டு வாரம் போனது. இடையில் அவர் "பதில் சொல்ற வரைக்கும் மீன் கெடாம இருக்கணுமே" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். நான் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. கேள்வி இல்லாமல் இல்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. மழைக்குப் பிறகு எங்கள் தெருவில் வயிற்றுப்போக்கு வந்தது. முதலில் குழந்தைகளுக்கு, பிறகு பெரியவர்களுக்கும். எதிர் வீட்டு அம்மாவின் பேரனைக் கதிர்காமத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பையன் தேறி வந்துவிட்டான். ஆனால் அவன் தினமும் காலையில் எங்கள் வீட்டில்தான் இட்லி சாப்பிடுவான். தெருவில் யாரும் நேராக எதுவும் சொல்லவில்லை. கிண்ணம் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். மாவு மீந்தது. மீந்த மாவை அக்கா எங்களுக்கே ராத்திரி வார்த்தாள்.

நர்சம்மா ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேச்சை எடுத்தார். தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம் என்றார். விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகளைக் காட்டினார். ஒவ்வொன்றின் அடியிலும் மருந்து தோய்த்த காகிதத் துண்டு இருந்தது. கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி மூடி, கதகதப்பான இடத்தில் ரெண்டு நாள் வைக்க வேண்டும். கழிவில் இருக்கிற கிருமி தண்ணீரில் இருந்தால் குப்பி கறுத்துப்போகும். இல்லையென்றால் அப்படியே இருக்கும். "இது பெரிய லேப் டெஸ்ட் இல்ல. ஆனா கறுத்துச்சுன்னா அந்தத் தண்ணிய நம்பக்கூடாது, அவ்ளோதான்" என்றார். எங்கள் தெருவில் குப்பிகளைக் கொடுத்து வாங்குகிற வேலை தெருக்காரனான எனக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

"நல்லதுடா. எல்லா வூட்டுக்கும் எடு. நம்ம வூட்டுதும் எடு. என் கை சுத்தம்னு அந்தக் குப்பியே சொல்லட்டும்."

சனிக்கிழமை சாயந்திரம் வீடு வீடாகப் போனேன். எழுத்துக்குப் பதிலாக ஒவ்வொரு குப்பியின் கழுத்திலும் ஒவ்வொரு நிற ரெக்சின் துண்டைக் கட்டியிருந்தேன். எந்த வீட்டுக்கு எந்த நிறம் என்பது என் மனதில் இருந்தது. வாசலில் நின்று, "தண்ணி டெஸ்டுக்குப் போவுது. உங்க வூட்டுக் குழாத் தண்ணிய இந்தக் கோடு வரைக்கும் ரொப்பி வைங்க. காலையில வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்ல வேண்டும். வீட்டிலேயே சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அவர்கள் எதுவும் கேட்பதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். தெருக்கோடியில் சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்தவர். அவர் மட்டும் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

காலையில் எல்லா வீட்டிலும் குப்பி தயாராக இருந்தது. ஒரு வீட்டில் குப்பியை வெளியிலும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்திருந்தார்கள். எதிர் வீட்டு அம்மா தட்டில் வைத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்த அக்கா, ஓடிக்கொண்டிருந்த குழாயில் குப்பியைக் காட்டி ரொப்பி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நீட்டினாள். எங்கள் வீட்டுக்கு சிவப்பு ரெக்சின்.

குப்பிகளைக் கடையில் சீட்டுக்குப் போடுகிற ஃபோமில் குழி வெட்டி வரிசையாக நட்டு, மேலே இன்னொரு ஃபோம் போட்டு மூடினேன். ஃபோம் சூட்டை வெளியே விடாது என்பது மீன்கார அம்மாவின் ஐஸ் விஷயத்தில் தெரிந்துகொண்டது. குளிரைக் காப்பாற்றுவதும் சூட்டைக் காப்பாற்றுவதும் ஒரே வேலைதான்.

ரெண்டு நாள் கழித்துத் திறந்தேன். எல்லாக் குப்பியும் ஊற்றியபடியே இருந்தது. சிவப்பு ரெக்சின் கட்டியது மட்டும் தார் மாதிரி கறுத்திருந்தது.

நான் அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசிக்கவில்லை. அதற்கு நேரமே இல்லை. எதிர் வீட்டு அம்மா காலையிலிருந்தே கடைக்கு எதிரே காத்துக்கொண்டிருந்தார். அவர் பின்னால் இன்னும் ரெண்டு பேர்.

"எங்க வூடு பாஸா?"

"பாஸ்தான் பெரிம்மா."

"அந்தக் கறுப்பு யாருது?"

நான் ஃபோமை இழுத்து மூடினேன். ஆனால் கொடுக்கும்போது எந்த வீட்டுக்கு எந்த நிறம் என்று எல்லோரும்தான் பார்த்திருந்தார்கள்.

"செவப்பு உங்களுதாச்சே" என்றார் அவர். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. "புள்ள மூணாம் நாளு கண்ண மேல சொருவிட்டான், தெரியுமா உனக்கு? அந்த இட்லிய நானே கையால வாங்கிக் குடுத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு அக்கா கடை வைக்கவில்லை. மறுநாளும் வைக்கவில்லை. ஊறப்போட்ட அரிசியை வடித்து வெயிலில் காயவைத்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாத. மேல போய் என்னாத்தையோ கத்துக்கினு வந்த. நல்லா இருந்த பொழப்ப பாட்டில்ல ஊத்தி மூடிட்ட. அந்த விஞ்ஞானத்த எடுத்துக்கினு நீ கடையிலயே படு."

அப்போது எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரே குழாய், ஒரே தெரு, எங்கள் வீட்டுத் தண்ணீர் மட்டும் கெட்டுப்போக வழியில்லை. எங்கள் வீட்டுக்குள் வரும் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் பார்த்தேன். ஓட்டை, கசிவு எதுவும் இல்லை. அதற்கு மேல் என்ன நினைப்பது என்று தெரியவில்லை. அக்காவின் கையே காரணமாக இருக்குமோ என்று ஒரு நாள் முழுக்க எனக்கும் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாக் குப்பிகளையும் தூக்கிக்கொண்டு மேலே போனேன். நர்சம்மா கறுத்த குப்பியைப் பார்த்துவிட்டு, மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மீன்கார அம்மாதான் ஒரு குப்பியை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது என்னாது, அடியில கெடக்குது? புழுவா?"

நர்சம்மா வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். ஆட்டினார். உள்ளே கிடந்தது எழும்பிச் சுற்றித் திரும்ப இறங்கியது.

"சீரகம்" என்றார்.

"கொழாயில சீரகம் வருதா? எந்தத் தெருடா அது? நானும் அங்க குடி வந்துடறேன். ரசத்துக்கு ஆச்சு" என்றார் மீன்கார அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். நர்சம்மா அடுத்த குப்பியை மூடி திறந்து முகர்ந்தார். அதில் துளசி வாசனை. இன்னொன்றில் எந்த வாசனையும் இல்லை, ஆனால் தண்ணீர் எங்கள் ஊர் தண்ணீர் மாதிரியே இல்லாமல் பளிங்காக இருந்தது. அது சொல்தா வீடு. பிறகு விசாரித்ததில், கடையில் வாங்கிய மினரல் வாட்டர் பாட்டிலைப் புதிதாக உடைத்து ஊற்றியதாகச் சொன்னார். டெஸ்டுக்குத் தருவதில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது என்று நினைத்தாராம்.

"காய்ச்சி ரொப்பியிருக்காங்க" என்றார் நர்சம்மா. "கொதிக்க வெச்ச தண்ணியில கிருமி எங்க இருக்கும்?"

"தெனமும் காய்ச்சறவங்களா இவங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

அதற்கு எனக்குப் பதில் தெரியும். எங்கள் தெருவில் காய்ச்சல் வந்தால்தான் வெந்நீர். மற்ற நாளில் குழாய், குடம், சொம்பு. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

மீன்கார அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டார். "இதுல என்னா அதிசயம்? டெஸ்டுன்னா சொன்னீங்க? வூட்டுப் பேரு இல்ல போவுது? நான் தெனம் கூடையில என்னா செய்யறேன்? நல்ல மீன மேல அடுக்கறேன். வூட்டுக்கு யாராவது வந்தா எந்தச் சொம்புல தண்ணி குடுப்பீங்க? பளபளன்னு இருக்கிறதுல. அப்படித்தான் குடுத்திருக்குதுங்க பாவம். தப்பு ஒண்ணும் இல்ல."

ஒரு வீட்டைத் தவிர எல்லா வீடும் விருந்தாளிக்குக் கொடுப்பது போலக் கொடுத்திருந்தது. அந்த ஒரு வீட்டில் வாங்க வந்தது சொந்தத் தம்பி. தம்பிக்கு என்ன உபசாரம்? அக்கா குழாயில் வந்ததை அப்படியே பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

நர்சம்மா தன் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "எப்படிப் புடிக்கணும்னு நான்தான் சொல்லிக் குடுத்திருக்கணும். டெஸ்ட்டு தப்பு இல்ல. ஆனா நாம டெஸ்ட்டு பண்ணது தெருத் தண்ணிய இல்ல" என்றார். பிறகு எப்படிப் பிடிப்பது என்று கொட்டகைக் குழாயிலேயே காட்டினார். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கொளுத்திக் குழாய் வாயைச் சுட வேண்டும். வாயில் ஒட்டியிருக்கிற கிருமி கணக்கில் சேரக்கூடாது என்பதற்காக. பிறகு தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். பிறகுதான் குப்பி. கையோ துணியோ வாயில் படக்கூடாது.

நான் எழுந்து நின்றேன். அந்தக் கொட்டகையில் முதல் தடவை.

"மறுபடி எடுக்கலாமா?"

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. அதுதான் நான் அங்கே கேட்ட முதல் கேள்வி.

"எடுக்கலாம்ணே. குப்பி இருக்கு. ஆனா நாங்க வந்தா இன்ஸ்பெக்‌ஷன்னு நெனச்சு இன்னும் ரெண்டு தடவ காய்ச்சுவாங்க. நீங்கதான் வூட்டுக்குள்ள போய் உங்க கையால புடிக்கணும்."

வாசலில் ஒரு வாக்கியம் சொல்வதற்கே வீட்டில் பழகிக்கொண்டு போகிறவன் நான். அடுப்படி தாண்டிப் பின்கட்டு வரைக்கும் போக வேண்டும், அதுவும் காலையில் தண்ணீர் விடுகிற நேரத்தில், பெண்கள் குளித்தும் துவைத்தும் கொண்டிருக்கும்போது. நான் நிற்பதைப் பார்த்துவிட்டு மீன்கார அம்மா சொன்னார்: "நான் வரேன் தம்பி. வாய் என்னுது. கை உன்னுது."

அப்படியே போனோம். அந்தத் தெருவில் அவருக்குத் தெரியாத வீடு இல்லை. "யம்மா, மீன் இல்ல இன்னிக்கு. கொழாய எங்க வெச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைவார். பின்னாலேயே நான் பஞ்சும் தீப்பெட்டியுமாக. குழாய் வாயில் நெருப்பு வைத்ததும் வீட்டிலுள்ளவர்கள் எல்லோரும் கூடிவிடுவார்கள். "கொழாய்க்கு சூடு போடறாங்க பாரு" என்று ஒரு வீட்டில் சிரித்தார்கள். சீரக வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் விஷயம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. என்னைக் கண்டதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "வயித்துக்கு நல்லதுன்னு போட்டேன்ணே" என்றார்.

எதிர் வீடுதான் கடைசி. அந்த அம்மா வாசலிலேயே நின்றுகொண்டார்.

"நாங்கதான் பாஸாயிட்டோமே. ஃபெயிலானவங்க வேணும்னா மறுபடி எழுதட்டும். உங்க அக்கா கடைய தொறக்கிறதுக்கு என் கொழாய சுடப்போறியா?"

மீன்கார அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நான் பேசிவிட்டேன். எப்படிப் பேசினேன் என்று தெரியவில்லை.

"கடைக்காக இல்லன்னு சொல்ல மாட்டேன் பெரிம்மா. அதுக்காகவும்தான். ஆனா அக்கா கடை மூடி ஒரு வாரம் ஆவுது. இந்த வாரத்துல தெருவுல யாருக்கும் வயித்தால போவலியா?"

முந்தாநாள் அவருடைய மருமகளுக்கே ஆஸ்பத்திரி போக ஆட்டோ வந்ததைத் தெரு பார்த்திருந்தது.

"பையன் இந்தக் கொழாத் தண்ணியிலதான வாய் கொப்புளிக்கிறான்" என்றேன்.

அவர் விலகி, "வா" என்றார். நாங்கள் போவதற்குள் முன்னால் ஓடிப்போய், புளியைக் கரைத்துப் பித்தளைக் குழாயைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

"வேணாம் பெரிம்மா. அப்படியே இருக்கட்டும்."

"இம்மாம் அழுக்கோடயா? நாலு பேரு பாக்கறதுக்கா?"

"அழுக்கோடதான் வேணும்."

"என்னா டெஸ்ட்டோ" என்று சொல்லிக்கொண்டே புளியைக் கீழே போட்டார்.

ரெண்டு நாள் ஃபோமில் வைத்தேன். இந்தத் தடவை தனியாகத் திறக்கவில்லை. நர்சம்மா ட்யூட்டி முடிந்து வந்தார். தெருவிலிருந்தும் வரச் சொல்லியிருந்தேன். எதிர் வீட்டு அம்மா வந்தார். அக்கா வரவில்லை.

குப்பிகளை வீடுகள் இருக்கிற வரிசையிலேயே மாடிக் கைப்பிடிச்சுவரில் வைத்தேன். சொன்னால் யாருக்கும் புரியாது, பார்த்தால் புரியும். மெயின்ரோட்டிலிருந்து தெரு திரும்புகிற இடம் வரைக்கும் குப்பிகள் தெளிவாக இருந்தன. திருப்பத்தில் சாக்கடை வாய்க்கால் தெருவைக் குறுக்கே கடக்கிறது. அதைத் தாண்டியதும் முதல் வீட்டிலிருந்து கடைசியில் சொல்தா வீடு வரைக்கும், எதிர் வீடும் எங்கள் வீடும் சேர்த்து, எல்லாம் கறுப்பு.

எதிர் வீட்டு அம்மா தன் வீட்டுக் குப்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பச்சை ரெக்சின் கட்டியிருந்தது. பிறகு பக்கத்திலிருந்த சிவப்பையும் எடுத்தார். ரெண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். எது அதிகக் கறுப்பு என்று பார்த்தாரோ என்னவோ. ரெண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

"நல்லா தேய்க்கவே விடல இவன்" என்றார் கடைசியில்.

குப்பிகளை அதே வரிசையில் ஒரு தட்டியில் கட்டி, நர்சம்மாவும் தெருக்காரர்கள் சிலரும் தண்ணீர் ஆபீசுக்கு எடுத்துப் போனார்கள். நானும் பின்னால் நின்றேன். உடனே ஒன்றும் நடக்கவில்லை. அவர்களும் தங்கள் முறைப்படித் தண்ணீர் எடுத்துப் பார்த்தார்கள். எங்கள் தட்டி மாடிக்கே திரும்பி வந்தது. கொஞ்ச நாள் கழித்து வாய்க்கால் ஓரம் தோண்டினார்கள். சாக்கடைத் தண்ணீருக்குள்ளேயே ஒரு பழைய இணைப்பு முழுகிக் கிடந்தது. தண்ணீர் விடுகிற நேரத்தில் குழாயிலிருந்து வெளியே கசியும், நிறுத்தியதும் வாய்க்காலிலிருந்து உள்ளே இழுக்கும். மழையில் வாய்க்கால் நிரம்பியபோது நிறைய இழுத்திருக்கிறது. அந்தத் துண்டை மாற்றிக் குழாயை வாய்க்காலுக்கு மேலே தூக்கிவிட்டார்கள். அதுவரைக்கும் தெரு முழுக்கத் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தது. இந்தத் தடவை நிஜமாகவே.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நியாயம் கிடைத்துவிட்டது, நாளைக்கே அடுப்பைப் பற்றவைப்பாள் என்று நினைத்தேன். அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"அப்ப அந்தப் புள்ளைக்கு என் கடையில சாப்பிட்டுத்தான் வந்துச்சா, இல்லியா? அதச் சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. நர்சம்மாவை வீட்டுக்கு அழைத்துவந்தேன். அவர் மழுப்பவில்லை.

"இட்லி ஆவியில வெந்துது. சாம்பார் கொதிச்சுது. அதுல பயம் இல்லக்கா. சட்னி பச்சத் தண்ணியில அரைக்கிறீங்க. அதுல வந்திருக்கலாம். அவங்க வூட்டுக் கொழாயில குடிச்சும் வந்திருக்கலாம். எதுன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது."

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நர்சம்மாவை ஏன் கூட்டி வந்தேன் என்று ஆகிவிட்டது எனக்கு.

"சட்னிக்குக் கொதிச்சு ஆறின தண்ணி ஊத்தினா வாசனையே போயிடும்" என்றாள்.

"கொஞ்சம் போவும்."

"போவட்டும்" என்றாள் அக்கா.

புதுக் குழாய் போட்ட பிறகு திருப்பத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற எல்லா வீட்டிலும் திரும்பவும் பிடித்தேன். இந்தத் தடவை மீன்கார அம்மா வரவில்லை, நான் மட்டும் போனேன். நெருப்பைக் கண்டு யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர்களே பஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் தெளிவாக இருந்தது.

அக்கா கடை திறந்த முதல் நாள் காலை ரொம்ப நேரம் யாரும் வரவில்லை. முதல் ஈடு வெந்து இறங்கி, தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. நான் கடைக்குப் போகாமல் வாசலில் ஒரு வண்டி சீட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன், கழற்ற வேண்டிய அவசியம் இல்லாமலேயே. சட்னிக்கு ஊற்றுகிற தண்ணீர் தனி அண்டாவில், மூடி போட்டு, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருந்தது.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அந்த அம்மா பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் தூக்குவாளியோடு தெருவைக் கடந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. அக்காவையும் நேராகப் பார்க்கவில்லை. "நாலு வை" என்றார். பையன் உட்கார்ந்து ஒன்றைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து வாயில் போட்டான். அவரும் அவன் தட்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து ருசி பார்த்தார்.

"சட்னி முன்ன மாதிரி இல்லியே."

அக்கா சாம்பார் கரண்டியை எடுத்தபடியே சொன்னாள்: "முன்ன மாதிரி வேணும்னா உங்க வூட்டு பழைய கொழாத் தண்ணி பச்ச ரெக்சின் கட்டி மாடியில இருக்குது. எடுத்துக்கினு வாங்க, அரைச்சுத் தரேன்."

நான் ஸ்குரூவைக் கீழே போட்டுவிட்டேன். அந்த அம்மா அக்காவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாளியை நீட்டி, "இதுல ஆறு போடு. சட்னி தனியா" என்றார். பத்து நிமிஷத்துக்குள் இன்னும் ரெண்டு கிண்ணம் வந்தது.

இதை எழுதித் தரும்படி நர்சம்மா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு தெருக்காரர்கள் குப்பி வாங்க வரும்போது, எப்படிப் பிடிக்கக்கூடாது என்று இதைப் படித்துக் காட்டினால் போதும் என்றார். சொல்லத்தான் வராது, எழுதவாவது செய்யுங்கள் என்றார். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வருஷமும் மழை வந்துவிட்டது. நேற்று பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் வந்து குப்பி கேட்டார். அதனால் இன்று கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு உட்கார்ந்து எழுதினேன்.

கார்த்திகை மாதம் ஒன்பதாம் தேதி.